பழைய கிரேக்கத்தில் ‘செய்தேன்’ என்று சொல்வது எப்படி?

வத்திக்கான் அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடி இருக்கிறது. கி.மு. 540–530 வாக்கில் ஏதென்ஸில் செய்தது. ட்ராய் போர்க் கதையின் வீரர்கள் அக்கிலீஸும் அயாக்ஸும் கவசத்தைக்கூடக் கழற்றாமல் குனிந்து உட்கார்ந்து ஏதோ பகடையாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வாயருகே ‘நான்கு’ என்றும் இன்னொருவர் வாயருகே ‘மூன்று’ என்றும் எழுதியிருக்கும். அதே ஜாடியில் அதைச் செய்த கலைஞரின் கையெழுத்தும் உண்டு: எக்ஸேகியாஸ் எக்ரப்ஸெ கபொயேஸெ மெ. ‘எக்ஸேகியாஸ் என்னை வரைந்தான், செய்தான்’ என்று ஜாடியே பேசுகிறது. இந்த ஒரு வரியில் பழங்கிரேக்க இறந்தகாலத்தின் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது, அதனால் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

‘கபொயேஸெ’ என்பதில் முதலில் ஒட்டியிருப்பது ‘கய்’, அதாவது நம்முடைய ‘உம்’. அதைப் பிரித்து எடுத்துவிட்டால் எபொயேஸெ. இப்போது இரண்டு வினைச்சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எக்ரப்ஸெ, எபொயேஸெ. முன்னால் ஒரு ‘எ’. நடுவில் ஒரு ‘ஸ்’. கடைசியில் ஒரு ‘எ’. மிச்சம் இருப்பது க்ரப் (வரை, எழுது), பொயே (செய்). பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, செய்தான் = செய் + த் + ஆன், பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துப் போடுவோமே, அதே வேலைதான் இங்கேயும். எ + க்ரப் + ஸ் + எ. புதிதாக இருப்பது முன்னால் வந்து ஒட்டும் அந்த ‘எ’ மட்டும். நமக்கு வினையின் முன்னால் எதையும் ஒட்டிக் காலம் காட்டும் பழக்கம் கிடையாது, எல்லாமே பின்னால்தான். கிரேக்கத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

மேலே போவதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெல்டா, தீட்டா, டௌ மூன்றும் ‘த’ ஆகிவிடும், காமாவும் கப்பாவும் ‘க’ ஆகிவிடும், அந்த நஷ்டம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாடத்துக்கு மிக முக்கியமான ஒன்று தமிழில் அப்படியே கிடைக்கிறது: எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு. எப்சிலான் என்றால் எ, ஈட்டா என்றால் ஏ. ஒமிக்ரான் என்றால் ஒ, ஒமேகா என்றால் ஓ. குறில் நெடில் என்று பிறந்ததிலிருந்து பழகியவர்களுக்கு இது பாடமே இல்லை. (எக்ஸேகியாஸ் காலத்து ஏதென்ஸில் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டவில்லை, எ-வும் ஏ-வும் ஒரே எழுத்துதான், கி.மு. 403-இல்தான் அரசு முறையாக, கிழக்குக் கிரேக்கரான அயோனியரின் எழுத்துக்கு மாறினார்கள். நம் ஓலைச்சுவடிகளில் எ, ஏ இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவந்ததும், வீரமாமுனிவர் அதைச் சீர்செய்ததும் நினைவுக்கு வரும்.)

சரி, அந்த முன்னொட்டு ‘எ’. இதன் வேலை ஒன்றே ஒன்று: ‘இது நடந்து போன விஷயம்’ என்று சொல்வது. இலக்கணப் புத்தகங்களில் இதை ஆக்மென்ட் என்பார்கள். இது கிரேக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை, சமஸ்கிருதத்தில் இதே இடத்தில் ‘அ’ வரும். ‘சுமந்தான்’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் அபரத், கிரேக்கத்தில் எபெரெ (சுமந்துகொண்டிருந்தான்), பழைய அர்மேனியத்தில் எபெர். மூன்றும் ஒரே மூதாதை மொழியிலிருந்து வந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் தமிழோடு நான் செய்யும் ஒப்பீடுகளை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம்; அங்கே உறவு எதுவும் இல்லை, நமக்குத் தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிக்கும் வசதிக்காக மட்டும்.

வினை மெய்யெழுத்தில் ஆரம்பித்தால் ‘எ’ சும்மா வந்து முன்னால் நிற்கும்: லூஓ (அவிழ்க்கிறேன்) எ-லூஸ ஆகும். உயிரெழுத்தில் ஆரம்பித்தால் ‘எ’ தனியாகத் தெரியாது, அந்த உயிர் நீண்டுவிடும். எல்பிஸ்- (நம்பிக்கை வை) ஏல்பிஸ- ஆகும். ஒனொமஸ்- (பெயரிடு) ஓனொமஸ- ஆகும். ஹிகெதெவ்- (சரணடைந்து கேள்) ஹீகெதெவ்- ஆகும். எ ஏ ஆகிறது, ஒ ஓ ஆகிறது, இ ஈ ஆகிறது, அவ்வளவுதான். ‘அ’ மட்டும் ஏமாற்றும்: அகூஓ (கேட்கிறேன்) என்பதன் இறந்தகாலம் ஆகூஸ இல்லை, ஏகூஸ. உண்மையில் முதலில் ஆ-வாகத்தான் நீண்டது. ஏதென்ஸ்காரர்களும் அயோனியர்களும் பழைய ஆ-வைப் பல இடங்களில் ஏ-வாக மாற்றிப் பேசினார்கள், அந்த மாற்றம் இங்கேயும் புகுந்துவிட்டது. ஸ்பார்ட்டா பக்கத்து டோரிய வட்டார வழக்கில் ஆ அப்படியே நின்றது. அதனால் ‘ஏ’-யில் தொடங்கும் இறந்தகால வினையைப் பார்த்தால் அகராதியில் அ, எ இரண்டின் கீழும் தேட வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல், புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, முன்னொட்டு ஏற்கனவே இருக்கும் வினைகள். கத-லூஓ என்றால் ‘கலைத்துவிடுகிறேன், ஒழிக்கிறேன்’. ‘கத’ என்பது கீழே என்று பொருள் தரும் ஒட்டு. இதன் இறந்தகாலத்தில் ‘எ’ சொல்லின் தலையில் போய் உட்காராது. ஒட்டுக்கும் வினைக்கும் நடுவில் நுழையும்: கத்-எ-லூஸ. ‘கத’வின் கடைசி அ-வைத் தின்றுவிட்டு. அதேபோல ‘எக்’ என்னும் ஒட்டு உயிருக்கு முன்னால் ‘எக்ஸ்’ ஆகும். எக்பல்லோ (வெளியே எறிகிறேன்), எக்ஸ்-எ-பலொன் (வெளியே எறிந்தேன்). ஸுல்-லெகோ (சேர்க்கிறேன்) என்பதில் ‘ஸுல்’ என்று இருப்பது அடுத்து வரும் ல-வினால் மாறிய வடிவம். நடுவில் எ வந்ததும் பழைய உருவம் திரும்பிவிடும், ஸுன்-எ-லெக்ஸ. சந்தி பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவு பயமாக இருக்காது.

இப்போது அடுத்த கேள்வி. இறந்தகாலம் என்று சொல்லியாயிற்று. ஆனால் எந்த மாதிரி இறந்தகாலம்?

கிரேக்க வினையை நம்மில் பலர் ஆங்கிலம் வழியாகப் படிக்கப் போய், ‘எப்போது நடந்தது’ என்ற கேள்வியையே பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கிரேக்கர்கள் அதற்குச் சமமாக, சில இடங்களில் அதைவிட முக்கியமாக, இன்னொன்றைக் கேட்டார்கள்: அந்தச் செயலை எப்படிப் பார்க்கிறாய்? உள்ளே நின்று, நடந்துகொண்டிருப்பதாகப் பார்க்கிறாயா? வெளியே நின்று முழுசாக ஒரே பார்வையில் பார்க்கிறாயா? இல்லை, செயல் முடிந்து அதன் விளைவு இப்போது இருப்பதைப் பார்க்கிறாயா? முதல் பார்வைக்கு இம்பெர்ஃபெக்ட், இரண்டாவதற்கு அயோரிஸ்ட், மூன்றாவதற்கு பெர்ஃபெக்ட். ‘எ’ காலத்தைச் சொல்லும், வினையடி பார்வையைச் சொல்லும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டால் பாக்கி எல்லாம் விவரம்.

இம்பெர்ஃபெக்ட்தான் சுலபம். நிகழ்கால வினையடியை அப்படியே எடுத்து, முன்னால் எ போட்டு, இறந்தகால விகுதிகளைச் சேர்க்க வேண்டும். எ-லூ-ஒன் (அவிழ்த்துக்கொண்டிருந்தேன்), எ-லூ-எஸ் (நீ), எ-லூ-எ (அவன், அவள், அது), எ-லூ-ஒமென் (நாம்), எ-லூ-எதெ (நீங்கள்), எ-லூ-ஒன் (அவர்கள்). முதலும் கடைசியும் ஒரே உருவம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ‘நானா’ ‘அவர்களா’ என்பது வாக்கியத்தில்தான் தெரியும்.

பொருள்தான் இதில் சுவையான பகுதி. ‘-கொண்டிருந்தேன்’ என்று எல்லா இடத்திலும் மொழிபெயர்த்தால் தப்பாகிவிடும். வழக்கமாகச் செய்ததற்கும் இதே வடிவம்தான். ‘சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்போம்’ என்று நாம் எதிர்கால வடிவத்தைப் போட்டுச் சொல்கிறோம் இல்லையா, அந்த ‘குளிப்போம்’ கிரேக்கத்தில் இம்பெர்ஃபெக்ட். அப்புறம் முயற்சி. பெய்தோ என்றால் ‘சம்மதிக்க வைக்கிறேன்’. இம்பெர்ஃபெக்டில் எபெய்தொன் என்றால் ‘சம்மதிக்க வைக்கப் பார்த்தேன்’. கேட்டாரா இல்லையா தெரியாது, பெரும்பாலும் கேட்கவில்லை. அயோரிஸ்டில் எபெய்ஸ என்றால் ‘சம்மதிக்க வைத்துவிட்டேன்’, காரியம் முடிந்தது. எதிதூ என்றால் ‘கொடுக்க முன்வந்தான்’, எதோகெ என்றால் ‘கொடுத்தான்’. வரலாற்று நூல்களைப் படிக்கும்போது ஒரு தூதர் சமாதானம் கொடுக்க வந்தாரா, கொடுத்தேவிட்டாரா என்பது இந்த ஒரு வடிவத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கலைஞர்களின் கையெழுத்துகளைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சொல்லும் ஒரு விஷயம் இந்த இடத்துக்கு மிகவும் பொருந்தும். கி.பி. 77 வாக்கில் அவர் முடித்த ‘இயற்கை வரலாறு’ நூலின் முன்னுரையில், அப்பெல்லெஸ், பொலிக்லெய்தொஸ் போன்ற பெரிய கலைஞர்கள் தங்கள் படைப்பில் ‘செய்தான்’ என்று போடாமல் ‘செய்துகொண்டிருந்தான்’ என்று போட்டார்கள் என்கிறார். கிரேக்கத்தில் சொன்னால் எபொயேஸெ போடாமல் எபொயெய். கலை எப்போதும் முடியாத வேலை, யாராவது குறை சொன்னால் திருத்தத் தயாராக இருந்தவர், விதி இடையில் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்பது போன்ற பணிவு அதில் இருக்கிறது என்று பிளினிக்குப் பட்டது. ‘செய்தான்’ என்று முடித்துப் போட்ட படைப்புகள் தனக்குத் தெரிந்து மூன்றுக்கு மேல் இல்லை என்றும் சொல்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் ஜாடிகளிலும் சிலை பீடங்களிலும் இரண்டு வடிவமும் உண்டு, எக்ஸேகியாஸ் துணிந்து எபொயேஸெ என்றுதான் போட்டார். ஆனால் ஒரு ‘ஸ்’ இருப்பதும் இல்லாததும் ஒரு கலைஞனின் மனநிலையைப் பற்றிப் பேச இடம் தருகிறது என்றால், அந்த மொழியில் இந்த வேறுபாடு எவ்வளவு உயிரோடு இருந்திருக்க வேண்டும்!

அயோரிஸ்டுக்கு வருவோம். கதை சொல்லும்போது முதுகெலும்பு இதுதான்: வந்தான், பார்த்தான், எடுத்தான், போனான், எல்லாமே அயோரிஸ்ட். பாடப்புத்தகங்கள் பலவும் இம்பெர்ஃபெக்டை முதலில் சொல்லிக்கொடுக்கின்றன, உருவாக்குவது எளிது என்பதால்; ஆனால் நிஜமான ஒரு பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தால் அயோரிஸ்ட் இல்லாமல் நகர முடியாது, அதனால் இதில் அதிக நேரம் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இதில் இரண்டு வகை. முதல் வகை ‘ஸ்’ போடுவது: எ-லூ-ஸ (அவிழ்த்தேன்), எ-லூ-ஸஸ், எ-லூ-ஸெ, எ-லூ-ஸமென், எ-லூ-ஸதெ, எ-லூ-ஸன். ‘அவன்’ உருவத்தைத் தவிர எல்லாவற்றிலும் ‘ஸ’ கேட்கிறது, அதனால் பிடிப்பது சுலபம். ‘அவன்’ உருவத்தில் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் ஒரு ‘ன்’ சேர்ந்துகொள்ளும், எலூஸென். அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

இந்த ‘ஸ்’ நம்முடைய இடைநிலை ‘த்’ மாதிரியேதான் நடந்துகொள்கிறது. செய்-த்-ஏன் என்பதில் த் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் உண்டேன் என்பதில் ட் ஆகிவிட்டது, கற்றேன் என்பதில் கல்-லின் ல-வையும் மாற்றித் தானும் ற் ஆகிவிட்டது. பக்கத்து எழுத்தோடு மோதும்போது இரண்டும் சமரசம் செய்துகொள்கின்றன. கிரேக்கத்திலும் அடியின் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் பிறக்கும் எழுத்து என்றால் ப்ஸ்: பெம்போ (அனுப்புகிறேன்) எபெம்ப்ஸ. எக்ஸேகியாஸின் எக்ரப்ஸெ இந்த வகைதான். தொண்டைப் பக்கம் பிறக்கும் க வகை என்றால் க்ஸ்: திஓகோ (துரத்துகிறேன்) எதிஓக்ஸ. த வகை என்றால் அது சத்தமில்லாமல் காணாமல் போய் ‘ஸ்’ மட்டும் நிற்கும், பெய்தோ எபெய்ஸ ஆனது அப்படித்தான். அடி குறில் உயிரில் முடிந்தால் அது நெடிலாகும்; பொயெ, எபொயேஸ ஆனது இதனால்.

ல, ம, ன, ர-வில் முடியும் அடிகள் மட்டும் வேறு வழியில் போகின்றன. அங்கே ‘ஸ்’ தங்காது, போய்விடும். போகும்போது தன் எடையை முன்னால் உள்ள உயிரிடம் கொடுத்துவிட்டுப் போகும். மெனோ (காத்திருக்கிறேன், தங்குகிறேன்) எமென்ஸ ஆகாமல் எமெய்ன ஆகிறது. எ நீண்டு எய் ஆனதுதான் அங்கே ‘ஸ்’ இருந்ததற்கு அடையாளம்.

இரண்டாவது வகை அயோரிஸ்டில் ‘ஸ்’ கிடையாது. விகுதிகள் அச்சாக இம்பெர்ஃபெக்டின் விகுதிகளே: -ஒன், -எஸ், -எ. அப்படியானால் எப்படி வேறுபடுத்துவது? அடி மாறும். லெய்போ (விட்டுச்செல்கிறேன்) என்பதன் இம்பெர்ஃபெக்ட் எலெய்பொன், அயோரிஸ்ட் எலிபொன். லம்பனோ (எடுக்கிறேன்): எலம்பனொன், எலபொன். மந்தனோ (கற்கிறேன்): எமந்தனொன், எமதொன். வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும், அயோரிஸ்டின் அடி பெரும்பாலும் மெலிந்தது. நிகழ்கால அடியில் நடுவில் ஒரு ன், பின்னால் ஒரு ‘அன்’ என்று சதை போட்டிருக்கிறது. அயோரிஸ்டில் எலும்பு மட்டும். தமிழில் காண்கிறேன் என்று நெடிலாக இருப்பது கண்டேன் என்று குறுகுகிறதே, வேகிறது வெந்தது, நோகிறது நொந்தது, அந்த மாதிரி ஒரு சுருக்கம்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் பல்லோ (எறிகிறேன்). எபல்லொன் என்றால் ‘எறிந்துகொண்டிருந்தேன்’, எபலொன் என்றால் ‘எறிந்தேன்’. ஒரே ஒரு ல் வித்தியாசம். முன்னால் பார்த்த எக்ஸெபலொன் என்னும் சொல்லை ஒரு வாக்கியத்தில் சந்திக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒட்டைக் கழற்றுங்கள்: எக்ஸ். அடுத்து எ, இறந்தகாலம் உறுதி. கடைசியில் -ஒன்: நான் அல்லது அவர்கள். நடுவில் மிஞ்சுவது ‘பல்’, ஒற்றை ல-வோடு. நிகழ்கால அடி ‘பல்ல்’ என்று தெரிந்திருந்தால் இது அயோரிஸ்ட் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிடும்: வெளியே எறிந்தார்கள், துரத்திவிட்டார்கள். தெரியாவிட்டால் ‘துரத்திக்கொண்டிருந்தார்கள்’ என்று படித்துவிட்டு அடுத்த வரியில் குழம்புவோம்.

சில வினைகளில் அடி முழுக்கவே வேறு சொல்லாகிவிடும். எர்கொமய் (வருகிறேன்) என்பதன் அயோரிஸ்ட் ஏல்தொன். ஹொரஓ (பார்க்கிறேன்) எய்தொன் ஆகும். எஸ்தியோ (சாப்பிடுகிறேன்) எபகொன். லெகோ (சொல்கிறேன்) பெரும்பாலும் எய்பொன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேர்கள் ஒரு வினைக்குள் குடித்தனம் நடத்துகின்றன, இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை, நல்லவேளையாக அடிக்கடி வருபவை என்பதால் தானாகவே மனதில் தங்கிவிடும். ஜூலியஸ் சீசர் கி.மு. 47-இல் ஸேலா போரில் வென்றதும் எழுதியனுப்பிய ‘வந்தேன், பார்த்தேன், வென்றேன்’ எல்லோருக்கும் தெரியும். கிரேக்க வரலாற்றெழுத்தாளர் புளூட்டார்க் அதைத் தன் மொழியில் தரும்போது ஏல்தொன், எய்தொன், எனீகேஸ என்று எழுதுகிறார். மூன்றுமே அயோரிஸ்ட். முதல் இரண்டும் இரண்டாம் வகை, வேர் மாறியவை. மூன்றாவது முதல் வகை, எ-நீகே-ஸ, பாடப்புத்தக உதாரணம். சீசர் சொல்ல வந்ததும் அதுதான். எவ்வளவு நேரம் பிடித்தது, எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பதெல்லாம் இல்லை, மூன்று முழுமையான செயல்கள், வரிசையாக.

எதோகெ என்று நாம் ஏற்கனவே பார்த்த ‘கொடு’ வினையில் (எதோக, கொடுத்தேன்) ‘ஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘க’ இருக்கிறது. எதேக (வைத்தேன்), ஹேக (விட்டெறிந்தேன்) என்ற இன்னும் இரண்டும் இப்படித்தான். மூன்றே வினைகள், மூன்றும் எங்கு பார்த்தாலும் வரும். எபேன் (நடந்தேன்), எக்னோன் (அறிந்துகொண்டேன்) போல நெடிலில் நேரடியாக விகுதி ஒட்டும் சிலவும் உண்டு, சந்திக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

காலம் வேறு, பார்வை வேறு என்று முன்னால் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் ‘எ’ வராத இடங்களில் கிடைக்கிறது. நடந்ததைச் செய்தியாகச் சொல்லும் வினைகளில் மட்டும்தான் ‘எ’ வரும். ஏவலில் வராது, வினையெச்சம் போன்ற வடிவங்களில் வராது. ஏவல் என்றால் இனிமேல் செய்ய வேண்டியது, அதில் இறந்தகாலத்துக்கு என்ன வேலை? ஆனால் அயோரிஸ்ட் அடி மட்டும் தாராளமாக வரும். இயேசு கற்பித்த ஜெபம் மத்தேயு, லூக்கா என்னும் இரண்டு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. அன்றாட உணவைத் தாரும் என்று கேட்கும் வரியில் மத்தேயு ‘தொஸ்’ என்கிறார், அயோரிஸ்ட் ஏவல். கூடவே ‘இன்று’ என்ற சொல். லூக்கா ‘திதூ’ என்கிறார், நிகழ்கால அடியில் அமைந்த ஏவல். கூடவே ‘நாள்தோறும்’ என்ற சொல். இரண்டுமே எதிர்காலத்தைப் பற்றிய வேண்டுதல், காலத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒருவர் இன்றைக்கு ஒருமுறை தரச் சொல்கிறார், மற்றவர் தந்துகொண்டே இருக்கச் சொல்கிறார். அயோரிஸ்ட் என்றாலே இறந்தகாலம் என்று மனதில் பதித்துக்கொண்டவர்கள் இந்த வரியில் முட்டிக்கொள்வார்கள்.

ஹோமரைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே செய்தியிலும் ‘எ’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இலியட்டின் நான்காவது வரியில் ‘தெவ்கெ’ (ஆக்கிக்கொண்டிருந்தது) என்று ‘எ’ இல்லாமல் வருகிறது, அடுத்த வரியிலேயே ‘எதெலெய்எதொ’ (நிறைவேறிக்கொண்டிருந்தது) என்று ‘எ’-யோடு. யாப்புக்கு எது தோதோ அது. இது கவிஞர் எடுத்துக்கொண்ட சலுகை மட்டும் இல்லை, அதற்கும் சில நூற்றாண்டுகள் முந்தைய மைசீனியக் (நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிரேக்கம்) களிமண் பலகைகளிலும் ‘எ’ பெரும்பாலும் இருக்காது. கட்டாயம் என்று ஆனது பிற்பாடுதான். இன்றைய கிரேக்கத்தில் மறுபடி தளர்ந்துவிட்டது: அழுத்தம் விழுந்தால் மட்டுமே நிற்கும், ‘எழுதினேன்’ என்பதில் இருக்கும், ‘எழுதினோம்’ என்பதில் விழுந்துவிடும்.

கடைசியாக பெர்ஃபெக்ட். இதைக் கறாராகப் பார்த்தால் இறந்தகாலத்தில் சேர்க்கவே கூடாது, ஆனால் எல்லோரும் இந்த இடத்தில்தான் தேடுவார்கள். முதல் மெய்யை எடுத்து ஒரு எ சேர்த்து முன்னால் இரட்டிப்பது இதன் அடையாளம்: லெ-லு-க (அவிழ்த்திருக்கிறேன், இப்போது அவிழ்ந்த நிலையில் இருக்கிறது). க்ரபோ என்பதற்குக் கெ-க்ரப. யோவான் சுவிசேஷத்தில், சிலுவைக்கு மேல் எழுதிய வாசகத்தை மாற்றச் சொல்லிக் கேட்டவர்களுக்கு ரோமானிய ஆளுநர் பிலாத்து சொல்லும் பதில் இந்த வடிவத்தில் இருக்கிறது: ஹொ கெக்ரப, கெக்ரப. ‘நான் எழுதினது எழுதினதே’ என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது, அந்த ஏகாரம் அருமையான இடம். எழுதியாயிற்று, அது அங்கே நிற்கிறது, நிற்கும். அயோரிஸ்டில் ‘எக்ரப்ஸ’ என்றால் எழுதினேன் என்ற சம்பவம் மட்டும் சொல்லியதாகும், அந்தப் பிடிவாதம் வராது.

ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்து ஓடியபோது கத்தியதாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கும் சொல்லும் பெர்ஃபெக்ட். நாம் யுரேகா என்கிறோம், கிரேக்கத்தில் முன்னால் ஒரு ஹ் உண்டு: ஹெவ்ரேக. உயிரில் தொடங்கும் சொல் என்பதால் இரட்டிக்க மெய் இல்லை, கடைசி ‘க’தான் காட்டிக்கொடுக்கிறது. ஹெவ்ரொன் என்று அயோரிஸ்டில் சொல்லியிருந்தால் ‘கண்டுபிடித்தேன்’ என்று ஒரு தகவல். ஹெவ்ரேக என்றால் ‘கண்டுபிடிச்சாச்சு’, விடை இதோ என் கையில் இருக்கிறது.

பெர்ஃபெக்ட் நிகழ்கால நிலையைச் சொல்வதால்தான் அதற்கு முன்னால் ‘எ’ கிடையாது. அந்த நிலையையே பழையதாக்க வேண்டும் என்றால் – அவிழ்த்திருந்தான் – அப்போது இரட்டிப்புக்கும் முன்னால் ‘எ’ வந்துவிடும்: எ-லெ-லு-கெய். முதல் எ காலம், லெ பார்வை. இரண்டும் தனித்தனியாக வரிசையில் நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வடிவம் வேறு இல்லை.

செயப்பாட்டு வினைக்கு வேறு விகுதிகளும், அயோரிஸ்டில் ‘தே’ என்ற தனி இடைநிலையும் உண்டு: எலுதேன், ‘நான் விடுவிக்கப்பட்டேன்’. முன்னால் எ, நடுவில் அடையாளம், பின்னால் விகுதி என்ற அமைப்பு மாறாது.

அகராதியில் ஒரு வினையைத் திறந்தால் ஆறு வடிவங்கள் வரிசையாக இருக்கும்: லூஓ, லூஸோ, எலூஸ, லெலுக, லெலுமய், எலுதேன். முதலாவதிலிருந்து இம்பெர்ஃபெக்ட் வரும், மூன்றாவது அயோரிஸ்ட், நான்காவது பெர்ஃபெக்ட். ஒழுங்கான வினைகளுக்கு இந்த வரிசையை நீங்களே ஊகித்துவிடலாம், மனப்பாடம் தேவையில்லை. பார், வா, சொல், எடு, கொடு, சுமந்து வா, சாப்பிடு, கற்றுக்கொள், கண்டுபிடி, ஓடு மாதிரி அடிக்கடி வரும் முரட்டு வினைகளுக்கு மட்டும் முதலாவதையும் மூன்றாவதையும் ஜோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: லம்பனோ–எலபொன், ஹொரஓ–எய்தொன், எர்கொமய்–ஏல்தொன். ஐம்பது ஜோடி மனதில் இருந்தால் கிரேக்க வரலாற்றாசிரியர் ஸெனொபோன் எழுதியது போன்ற எளிய உரைநடையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைரியமாக ஆரம்பிக்கலாம்.